அட்ரஸ் கிடைத்தது, ஆனால் அது யாருடையது?

பைத்தான் வேலை ஒன்று ராத்திரி முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. எங்கே நேரம் போகிறது என்று லினக்ஸின் அளவீட்டுக் கருவியான பெர்ஃப் போட்டுப் பார்த்தால், பெரும்பகுதி ‘பைஇவால்_இவால்ஃப்ரேம்டிஃபால்ட்’ என்ற ஒரே பெயரில். சிபைத்தானில் (சி மொழியில் எழுதிய, வழக்கமான பைத்தான்) பைட்கோடை, அதாவது நம் நிரலின் இடைநிலை வடிவத்தை, ஓட்டும் சி ஃபங்ஷனே அதுதான். சமையற்காரர் எங்கே என்று கேட்டால் அடுப்படியில் என்று சொல்கிற மாதிரி.

நிரல் இப்போது எந்த இடத்தில் ஓடுகிறது என்று அவ்வப்போது எட்டிப்பார்க்கும் சாம்ப்ளர் ஒன்றைச் சின்னதாக நானே எழுதினேன். லாகில் வெறும் எண்கள்தான், அதாவது மெமரி அட்ரஸ்கள்தான் விழும். அதில் லிஸ்ட்டில் சேர்க்கும் சி ஃபங்ஷனான ‘பைலிஸ்ட்_அப்பெண்ட்’ வருகிறதா என்று பார்க்க அதன் அட்ரஸ் வேண்டும். முதலில் சிடைப்ஸின் (பைத்தானிலிருந்து சி ஃபங்ஷன்களைக் கூப்பிடும் மாட்யூல்) ‘அட்ரஸ்ஆஃப்’ கொடுத்த எண்ணை ஜிடிபி என்ற டீபக்கரில் போட்டேன். அந்த இடத்தில் எந்தச் சிம்பலும் (ஃபங்ஷன் பெயரும்) இல்லை என்றது. அரை நாள் போன பிறகுதான் புரிந்தது: அது ஃபங்ஷன் இருக்கும் இடம் இல்லை, ஃபங்ஷனின் பாயின்டரைச் சிடைப்ஸ் வைத்திருக்கும் இடம். வெறும் அட்ரஸ் வகையான ‘சி_வாய்ட்_பி’யாக காஸ்ட் செய்து ‘வேல்யூ’ எடுத்ததும் சரியான எண் வந்தது. ‘ஐடி(லென்)’ போட்டு ஏமாறுகிறவர்களும் உண்டு. அது பைத்தான் ஆப்ஜெக்ட்டின் அட்ரஸ், உள்ளே இருக்கும் சி ஃபங்ஷனுடையது அல்ல.

அப்புறமும் லாகோடு பொருந்தவில்லை! அட்ரஸை வேறொரு ப்ராசஸில் எடுத்திருக்கிறேன். பாதுகாப்புக்காக மெமரி இடங்களைக் கலைத்துப்போடும் ஏஎஸ்எல்ஆர் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடத்தை மாற்றிவிடும். ஒரு ப்ராசஸில் எது எந்த இடத்தில் ஏறியிருக்கிறது என்று லினக்ஸ் காட்டும் ‘மேப்ஸ்’ ஃபைலில் உள்ள தொடக்க அட்ரஸை இரண்டு பக்கமும் கழித்ததும்தான் எண்கள் ஒத்துப்போயின.

* * *

உங்கள் பதிவைப் படித்தேன் அண்ணா, இதே பள்ளத்தில் நானும் விழுந்திருக்கிறேன். 64 பிட் இன்டெல் லினக்ஸில் பெரும்பாலும் அட்ரஸ் ஹெக்ஸில் 55, 56 என்று தொடங்கினால் பைத்தான் பைனரி, 7எஃப் என்றால் ஷேர்டு லைப்ரரி. பார்த்தவுடனே பாதி தெரிந்துவிடும். ஆனால் ஸ்டாடிக் ஃபங்ஷன்களை (தன் ஃபைலுக்கு வெளியே பெயர் தெரியாதவை) சிடைப்ஸ் வழியாகப் பெயர் சொல்லிப் பிடிக்க முடியாது. பெயர்களை நீக்கி ஸ்ட்ரிப் செய்த பைனரி என்றால் டீபக் சிம்பல் பேக்கேஜ் போட்டே ஆக வேண்டும்.

* * *

அண்ணாவுக்கு என் யோசனையும் ஒன்று: பைத்தான் 3.12க்கு மாறிவிடுங்கள். ‘-எக்ஸ் பெர்ஃப்’ கொடுத்தால் ஒவ்வொரு பைத்தான் ஃபங்ஷனுக்கும் ஒரு ட்ராம்போலின் (அதைக் கூப்பிடும் சின்ன இயந்திரக் குறியீடு) உருவாகி, அதன் அட்ரஸ், நீளம், பெயர் மூன்றும் டெம்ப் ஃபோல்டரில் ப்ராசஸ் எண்ணோடு ஒரு மேப் ஃபைலில் விழும். பெர்ஃப் அதைத் தானே படித்துக்கொள்ளும். யார் யாரைக் கூப்பிட்டது என்று பின்தொடர உதவும் ஃப்ரேம் பாயின்டரோடு கம்பைல் செய்த பைத்தானா என்று மட்டும் முதலில் பாருங்கள். எனக்குப் பெயர்கள் எல்லாம் வந்தும், யார் யாரைக் கூப்பிட்டது என்பது பாதியில் அறுந்துபோனது. அப்படித் திரும்பக் கம்பைல் செய்ததும் சரியானது. 3.13இல் ஃப்ரேம் பாயின்டர் தேவைப்படாத ‘-எக்ஸ் பெர்ஃப்_ஜிட்’ வந்துவிட்டதால் அந்த வேலையும் மிச்சம்.