காற்றுக்கு எதிரே வேகப் பயிற்சி: அரை மாரத்தான் ஓடுபவர்கள் உதவுங்கள்

வணக்கம். ஊர் செங்கோட்டை, வயது 38. அரை மாரத்தானில் (21.1 கி.மீ.) இதுவரை என் சிறந்த நேரம் 2 மணி 8 நிமிடம். ஜனவரியில் 2 மணிக்குள் முடிக்க வேண்டும் என்பது பெரிய ஆசை. அதற்குக் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 நொடி வேண்டும். தூரம் பிரச்சினையே இல்லை, ஞாயிறு 16 கி.மீ. நிதானமாக ஓடிவிடுகிறேன். வேகம்தான் ஏறமாட்டேன் என்கிறது.

800 மீட்டர் வேகமாக, 400 மீட்டர் மெதுவாக என்று புளியரை சாலையில் ஓடுகிறேன். குற்றால சீசன் தொடங்கியதிலிருந்து ஆரியங்காவு கணவாய்க் காற்று முகத்தில் அறைகிறது. மேற்கே போகும்போது மூச்சு முட்டியும் வேகம் வராது. திரும்பி வரும்போது காற்றே தள்ளிக்கொண்டு வருகிறது. வாட்ச் காட்டும் எண்ணை எப்படி நம்புவது?

பள்ளி மைதானத்தில் ஓடிப் பார்த்தேன். சிறிய வட்டம், சாரலில் சகதி வேறு. இடது முழங்காலுக்குக் கீழே எலும்பின் உள்பக்கம் வலி வந்தது. ஓய்வெடுத்துச் சரியான பிறகு அங்கே போவதில்லை. டிரெட்மில்லில் வேகம் வருகிறது, சாலையில் அது நிற்பதில்லை. கோட்டைவாசல் ஏற்றத்திலும் ஓடினேன். தொடைக்கு நல்ல பலம், ஆனால் கேரளா போகும் லாரிகளுக்கு நடுவே அந்த வளைவுகளில் ஓடுவது ஆபத்து, யாரையும் அங்கே ஓடச் சொல்லமாட்டேன்.

இப்போது வாரம் 35 கி.மீ., அதில் ஒரு நாள் மட்டும் வேகப் பயிற்சி. வலி எதுவும் இல்லை.

காற்று அடங்கும்வரை 800 மீட்டர் கணக்கை விட்டுவிட்டு, 4 நிமிடம் கடுமையாக, 2 நிமிடம் மெதுவாக என்று நேரக் கணக்கில் ஓடினால் 2 மணி இலக்குக்கு அது போதுமா?