மறு: மறு: சோப் குறிப்புக்குத் தமிழ், சனிக்கிழமைக்குள்ள வேணும்

வியாசர்பாடியிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை இங்க களப்பணியாளர்களுக்கு வகுப்பு இருக்கு, எல்லாம் நம்ம ஏரியா பொண்ணுங்க, தமிழ் மீடியம் படிச்சவங்க. கவுன்சலிங் அமர்வு முடிஞ்சதும் குறிப்பு எப்படி எழுதணும்னு சொல்லித் தரணும். அமெரிக்க டாக்டர் லாரன்ஸ் வீட் 1960கள்ல கொண்டாந்த முறைதான், சப்ஜெக்டிவ், அப்ஜெக்டிவ், அசெஸ்மென்ட், பிளான், இங்கிலீஷ் முதலெழுத்தைச் சேர்த்தா சோப் (SOAP). பழைய கையேட்டுல அகநிலை, புறநிலை, மதிப்பீடு, திட்டம்னு போட்டிருக்கு. போன பேட்ச்ல அகநிலைன்னா அவங்க மனசுக்குள்ள இருக்கிறதுன்னு எடுத்துக்கிட்டு "புருஷன் மேல வெறுப்பு"ன்னு எழுதிட்டாங்க. அந்தம்மா சொன்னது "ராவெல்லாம் தூக்கமே வர்ல, மனசு ஒரு மாரியா கீது" அவ்ளோதான். இந்தக் குழப்பம் வராத நாலு சொல் குடுங்க.

பெரம்பூரிலிருந்து:

தம்பி, வள்ளுவர்கிட்டயே இருக்கே. "நோய்நாடி நோய்முதல் நாடி அதுதணிக்கும் வாய்நாடி வாய்ப்பச் செயல்." நாடி, நாடி, நாடி, செயல், நாலும் வந்துடுச்சு. அதே மருந்து அதிகாரத்துல 950ஆவது குறள் "அப்பால் நாற்கூற்றே மருந்து"ன்னு முடியுது. அதனால மொத்தத்துக்கும் நாற்கூற்றுக் குறிப்புன்னு பேர் வைக்கலாம். அகநிலையை விட்டுடாதீங்க, அகம் புறம்ங்கிறது தொல்காப்பியத்துலேர்ந்து நம்ம சொத்து, மெய்ப்பாட்டியல்ல நகை அழுகைன்னு எட்டு மெய்ப்பாட்டையும் சொல்றப்போ உள்ள இருக்கிறது உடம்புல வெளிப்படுறதைத்தானே சொல்றாரு, உங்க அப்ஜெக்டிவ் பகுதிக்கு மெய்ப்பாடுன்னே போடலாம்.

கொருக்குப்பேட்டையிலிருந்து:

ஐயா, நாற்கூற்று அழகான சொல், ஆனா அங்க நாலு கூறுங்கிறது நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்துல இருந்து பார்த்துக்கிறவங்க. குறிப்போட பகுதி இல்ல. அதுவுமில்லாம பிர்ப்னு (BIRP) குறிப்பு எழுத இன்னொரு முறை இருக்கு, நடத்தை, செஞ்ச தலையீடு, அதுக்கு அவங்க எதிர்வினை, திட்டம்னு அதுலயும் நாலுதான். டாப்ங்கிற (DAP) முறையில சப்ஜெக்டிவும் அப்ஜெக்டிவும் ஒண்ணாகி "தரவு"ன்னு மூணே பகுதி. எண்ணிக்கையை வச்சு பேர் வச்சா எது எதுன்னு எப்படிப் பிரிக்கிறது?

என் யோசனை சிவஞான சித்தியார்ங்கிற சைவ சித்தாந்த நூல்லேர்ந்து. "அளவை காண்டல் கருதல் உரை"ன்னு ஆரம்பிக்குது, அதாவது ஒண்ணை நாம அறியிற வழிகள். அவங்க வாயால வந்தது உரை, நாம நேர்ல கண்டது காண்டல், ரெண்டையும் வச்சு நாம முடிவுக்கு வர்றது கருதல். பிளானுக்கு செய்கை. எந்தத் தகவல் எந்த வழியா வந்துச்சுன்னு பிரிக்கிறதுதானே இந்தக் குறிப்போட வேலையே, அதைத்தான் இந்தச் சொல்லுங்க செய்யுது.

பெரம்பூரிலிருந்து:

சித்தியார்ல உரைன்னா ஆகமம், இறைவன் வாக்கு, சந்தேகமில்லாத பிரமாணம். அழுதுகிட்டு வந்து உக்காந்தவங்க பேச்சுக்கு அந்த இடத்தைக் குடுக்கிறது பொருந்தாது. நான் ஒத்துக்க மாட்டேன்.

கொருக்குப்பேட்டையிலிருந்து:

அவங்க வேதனையைப் பத்தி அவங்க சொல்றதுக்கு மேல என்ன பிரமாணம் இருக்கு ஐயா?

ராயபுரத்திலிருந்து:

ரெண்டு பேரும் கோச்சுக்காதீங்க. நான் தினமும் இந்தக் குறிப்பு எழுதுறவ. காண்டல்னு போட்டா பொண்ணுங்களுக்கு ஏறாது, கண்டதுன்னு போட்டா "கண்டதையும் எழுது"ன்னு ஆயிடும். சொன்னது, பார்த்தது, இது போதும். "கோவமா இருந்தாரு"ன்னு எழுதினா அது பார்த்தது இல்ல, "குரல் ஏறுச்சு, பேச்சு நடுவுல எழுந்து நின்னாரு" இதுதான் பார்த்தது, கோவம்ங்கிறது மூணாவது பகுதிக்குப் போகணும். அந்தப் பகுதிக்கு மதிப்பீடு வேணாம், மார்க் போடுற மாதிரி தெரியுது, கணிப்பும் வேணாம், ஜோசியம். கருதியதுன்னு வைங்க, "நான் இப்படி நினைக்கிறேன், தப்பாவும் இருக்கலாம்"ங்கிற அடக்கம் அதுல இருக்கு.

ஒரு சிக்கல், மனச்சோர்வு பார்க்கிற ஒன்பது கேள்வித் தாள் இருக்கே, 0லேர்ந்து 27 வரைக்கும் மதிப்பெண் வரும், பதில் அவங்க சொல்றது ஆனா மதிப்பெண்ணை நாங்க அப்ஜெக்டிவ்லதான் எழுதுறோம். அதனால "பார்த்தது, அளந்தது"ன்னு சேர்த்துப் போடுங்க.

இன்னொண்ணு, மனநல பராமரிப்புச் சட்டம் 2017ல 25ஆவது பிரிவு, சிகிச்சை எடுக்கிறவங்க தங்களோட அடிப்படை மருத்துவப் பதிவைக் கேட்டு வாங்கலாம். காசிமேட்டு அம்மா ஒருத்தங்க நாளைக்கு அதை வாங்கிப் படிச்சா அவங்க சொன்னதும் நாம நினைச்சதும் தனித்தனியா தெரியணும். தமிழ்ச் சொல்லோட தூய்மை பார்க்கிறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.

வியாசர்பாடியிலிருந்து:

அச்சுக்குக் குடுக்கணும், அதனால: சொன்னது / பார்த்தது, அளந்தது / கருதியது / அடுத்தது. முழுப் பேருக்கு நாலுகட்டக் குறிப்புன்னு யோசிச்சேன், வீட்டுல கேட்டா ஜாதகக் கட்டமாங்கிறாங்க, இப்போதைக்கு வெறும் அமர்வுக் குறிப்பு.

கொருக்குப்பேட்டையிலிருந்து:

வகுப்புக்குச் சரி. ஆனா "அடுத்தது"ங்கிறதுல யார் செய்யிறதுன்னே இல்ல, ஆலோசகர் செய்யிறதும் அவங்க வீட்டுல செய்யிறதும் கலந்துடும். செய்கைதான் சரின்னு நான் இன்னும் சொல்றேன், அடுத்த பதிப்புக்கு முன்னாடி இதைத் திரும்ப எடுக்கணும்.

பெரம்பூரிலிருந்து:

மெய்ப்பாட்டுக்கு யாரும் பதிலே சொல்லலியே?