புதுச்சேரியில் கப்பல் ஒளிய இடம் ஏது? (ஈயூ4 மோட், யோசனை தேவை)

கெடிலக்கரை எழுதியது:

வணக்கம். யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 (ஈயூ4) என்ற கணினிப் போர் விளையாட்டுக்கு ஒரு சின்ன மோட், அதாவது ஆட்டத்தை மாற்றும் நிரல், எழுதிக்கொண்டிருக்கிறேன். பதினெட்டாம் நூற்றாண்டில் நம் கரையில் இங்கிலீஷ்காரரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய கர்நாடகப் போர்கள்தான் கதை. ஐந்தாம் பாகம் வந்துவிட்டது என்று யாரும் சொல்ல வேண்டாம், என் லேப்டாப் காதில் விழுந்தால் அணைந்துவிடும். ஊர் கடலூர், மஞ்சக்குப்பம்.

போன வாரம் பிரான்ஸை எடுத்து ஆடினேன். ஆட்டத்தில் நவம்பர் மாதம். இங்கிலீஷ்காரன் கப்பல்கள் துரத்திக்கொண்டு வருகின்றன. என் கப்பல்களைப் புதுச்சேரித் துறைமுகத்துக்குள் தள்ளிவிட்டேன். அவ்வளவுதான், பத்திரம். உள்ளேயே பழுது பார்த்துக்கொண்டு ஜனவரியில் மாப்பிள்ளை மாதிரி வெளியே வந்தன.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தக் காலத்துப் புதுச்சேரியில் உள்ளே போக என்ன இருந்தது? திறந்த கடல். பெரிய கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் மூட்டையும் சலங்கு என்ற படகில் ஏறி அலையைத் தாண்டிக் கரைக்கு வர வேண்டும். கடலூரும் அதே கதைதான். உப்பனாற்றுக்குள் சின்னத் தோணி வரும், போர்க்கப்பல் வராது. அதனால் ஐப்பசி பிறப்பதற்கு முன்பே பம்பாய்க்கோ திருகோணமலைக்கோ மொரிஷியசுக்கோ கிளம்பிவிடுவார்கள். 1748-ல் இங்கிலீஷ் கடற்படைத் தளபதி பாஸ்கவென் பெரிய படையோடு வந்து புதுச்சேரியை முற்றுகையிட்டார். அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது, ஆட்கள் நோயில் விழுந்தார்கள், எங்கள் கடலூர்த் தேவனாம்பட்டினம் கோட்டைக்கே திரும்பி வந்துவிட்டார். இந்த ஆட்டத்தில் தரைப்படைக்கு மழைக்காலம் உண்டு. நங்கூரம் போட்ட கப்பலுக்கு ஒன்றும் இல்லை.

ரியலிசம் மோட் என்று இறக்கிப் பார்த்தால் பாதிப் பேர் சிப்பாயின் சட்டை நிறத்தைத்தான் திருத்தியிருக்கிறார்கள். சட்டை இருக்கட்டும், எனக்குக் காற்று வேண்டும்.

நான் செய்திருப்பது இது: அக்டோபர் 15 முதல் டிசம்பர் 31 வரை, புதுச்சேரியிலோ கடலூரிலோ நிற்கும் கப்பல்களுக்குப் புயல் நிகழ்ச்சி. தேதி சரியா? மற்ற நாடுகளை ஆடும் ஏஐ இதைப் புரிந்துகொள்ளுமா?

இன்னொரு தலைவலி. ஆட்டத்தில் ஒரு ரெஜிமெண்ட் என்றால் 1000 பேர், அதற்குக் கீழே கிடையாது. 1746-ல் அடையாற்றில் நவாப் மகன் மாபூஸ்கானின் பெரும்படையை விரட்டிய பாரதியின் ஆட்கள், சிப்பாய்களையும் சேர்த்தே ஏறத்தாழ 1000 பேர்தான். (பாரதி என்றது பாரதீஸ் என்ற பிரெஞ்சுப் படைத்தலைவரை. கைபேசி நம் கவிஞரைப் போருக்கு அனுப்பிவிட்டது.) ஒரே ரெஜிமெண்டை வைத்து அந்தச் சண்டையை எப்படிக் காட்டுவது?

பண்ருட்டிப்பலா:

மெய்யூ அண்ட் டாக்ஸஸ் என்ற பெரிய மோடைப் போட்டுப் பாருங்கள் அண்ணா. மக்கள்தொகை, வரி எல்லாமே அதில் இருக்கிறது.

கெடிலக்கரை:

போட்டேன் தம்பி. ஆட்டத்தில் ஒரு மாதம் நகர்வதற்குள் கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். அதிலும் புதுச்சேரிக்குள் கப்பல் ஒளிகிறது.

குருசுக்குப்பத்தான்:

தம்பி, எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கடல்தான். விளையாட்டு எனக்குத் தெரியாது, என் மகன்தான் இதைக் காட்டினான். தேதி தப்பு.

1749-ல் பாஸ்கவெனின் சொந்தக் கப்பல் நாமூர் எங்கே மூழ்கியது? உங்கள் தேவனாம்பட்டினத்துக்குப் பக்கத்தில். எந்த மாதம்? ஏப்ரல்! ஐந்நூறு பேருக்கு மேல் போனார்கள். அவர் கரையில் இருந்ததால் பிழைத்தார். பெம்புரோக் என்ற கப்பலும் அதே புயலில் போனது. அடுத்து 1761. கூட் என்ற இங்கிலீஷ் படைத்தலைவர் புதுச்சேரியை வளைத்து நிற்கிறார், கடலில் இங்கிலீஷ் கப்பல்கள் காவல். ஜனவரி 1-ல் புயல் அடித்து அந்தக் காவலையே சிதறடித்தது. உங்கள் கணக்கு டிசம்பர் 31-ல் முடிகிறது, ஒரு நாளில் கோட்டைவிட்டீர்கள். 2011-ல் தானே புயல் வந்தது டிசம்பர் 30. அதுவும் இந்தக் கரைதான். கடல் காலண்டர் பார்க்காது.

ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கடி வரும், மற்ற மாதங்களில் எப்போதாவது வரும். அப்படி எழுதுங்கள். சலங்குப் படகையும் விட்டுவிடாதீர்கள். ஆணி அடிக்காமல் பலகையைக் கயிற்றால் தைத்த படகு அது. அலை தூக்கிக் கரையில் போட்டாலும் வளைந்து கொடுக்கும். கப்பலில் இருந்த துரைமார் ஒரு மூட்டையை இறக்குவதற்கும் நம்மாட்களைத்தான் நம்பியிருந்தார்கள். அலை அதிகமென்றால் படகுக்காரர் வரமாட்டார். உங்கள் விளையாட்டில் படையை இறக்க அவ்வளவு நாள் பிடிக்கிறதா?

வில்லியனூர்பைட்:

பெரியவர் சொன்னதை ஸ்கிரிப்டில் கொண்டுவரலாம். தேதியை வைத்துத் தினமும் சோதிக்காதே, ஆட்டம் ஊரும். வருடத்துக்கு ஒருமுறை ஓடும் ஆன் ஆக்ஷனில் (ஆட்டம் தானாகவே இயக்கும் பட்டியல்) மறைவாக ஒரு நிகழ்ச்சியைப் போடு. அது இன்னொரு நிகழ்ச்சியை இத்தனை நாள் கழித்து என்று ரேண்டமாகத் தள்ளிவிடட்டும். மழை மாதங்களுக்கு எடையைக் கூட்டிக்கொள்.

பழுது பார்ப்பதற்குத் தனி மாடிஃபையர் (கூட்டிக் குறைக்கும் எண்) இருக்கிறது. இரண்டு ஊருக்கும் அதைக் குறைத்துவிடு, புயலே வராவிட்டாலும் துறைமுகம் துறைமுகமாக இருக்காது. ஏஐ மட்டும் திருந்தாது. புயலைச் சொல்லிக்கொடுக்க வழியில்லை, போய்ச் செத்துக்கொண்டே இருக்கும்.

ரெஜிமெண்டை விட்டுவிடு. அது எஞ்சினில் இருக்கிறது. ஆளைக் குறைக்க முடியாது, டிசிப்ளின் என்ற சண்டைத் திறன் எண்ணைக் கூட்டு.

கெடிலக்கரை:

மூன்று நாள் ஆடிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

தானே புயல் வந்தபோது நான் எட்டாவது படித்தேன். விடியற்காலையில் எதிர்வீட்டு ஷீட் பறந்து எங்கள் கிணற்றடியில் விழுந்தது, கரண்ட் வரப் பல நாள் ஆனது. அதை நேரில் பார்த்த நானே புயலுக்குக் கடைசித் தேதி போட்டிருக்கிறேன். குருசுக்குப்பத்து ஐயாவுக்குப் பெரிய கும்பிடு.

பழைய முறையில் வருடா வருடம் அக்டோபர் 14-ல் கப்பல்களைக் கிளப்பிவிட்டுக்கொண்டிருந்தேன், டவுன் பஸ் மாதிரி. பயமே இல்லை. புது முறையில், முற்றுகை முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் என்று நவம்பர் முதல் வாரம்வரை நின்றேன். பன்னிரண்டில் ஏழு போனது. வாயில் வந்ததைச் சொன்னேன், அம்மா சமையலறையிலிருந்து என்னடா என்றார்கள். அந்த ஒரு வாரம்தான் எனக்கு வேண்டியிருந்தது. போகலாமா, இன்னும் ஒரு நாள் நிற்கலாமா என்ற அந்த அரிப்பு.

ஏஐ விஷயத்தில் பைட் சொன்னதுதான் நடந்தது. 1740-க்குள் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றும் மிச்சமில்லை. இப்போதைக்கு ஏஐ நாடுகளுக்குப் புயல் வாய்ப்பைக் கால்வாசியாக்கிவிட்டேன். ஏமாற்று வேலைதான், ஆனால் எதிரியே இல்லாத கர்நாடகப் போர் அதைவிடப் பெரிய ஏமாற்று.

1761 இன்னும் சரியாக வரவில்லை. ஆட்டத்தில் கடல் முற்றுகை உடைந்தால் கோட்டை பிழைத்துக்கொள்கிறது. நிஜத்தில் இங்கிலீஷ் கப்பல்கள் ஒரு வாரத்துக்குள் திரும்ப வந்து நின்றுவிட்டன. பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி தாஷேயின் கப்பல்கள் 1759-லேயே மொரிஷியஸ் போனவை, திரும்பவில்லை. உள்ளே சோறு இல்லை. பிரெஞ்சுப் படைத்தலைவர் லாலி உள்ளூர்க்காரர்களைக் கோட்டைக்கு வெளியே துரத்தியிருந்தார். ஜனவரி பாதியில் ஊர் சரணடைந்தது. நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை அதற்குச் சில நாள் முன்பு, 12-ந்தேதி, இறந்துபோனார். ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்களுக்கு இந்த ஆட்டத்தில் ஒரு எண்கூடக் கிடையாது. கோட்டைக்குள் ‘உணவுத் தட்டுப்பாடு’ என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். அந்த இடத்தில் ஒரு நிகழ்ச்சி எழுதப் பார்க்கிறேன்: ஆட்களை வெளியேற்றினால் கோட்டை இரண்டு மாதம் கூடத் தாங்கும், ஆனால் அந்த மாகாணத்தின் வளர்ச்சி குறையும்.

பைட், ஒரு கேள்வி. 1690-ல் இங்கிலீஷ் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு விழும் தூரம்வரை உள்ள ஊரெல்லாம் கம்பெனிக்கு என்று பேச்சு. குண்டு உப்பலவாடி என்ற ஊரில் இருக்கும் என் அத்தை வீடும் அந்தக் கணக்கில்தான் போனது. மாகாண எல்லையை ஆட்டத்தின் நடுவில் வெட்ட வழி இருக்கிறதா?

வில்லியனூர்பைட்:

இல்லை. வரைபடத்தை முதலிலேயே வெட்டி அத்தை வீட்டுக்குத் தனி மாகாணம் கொடு. ஃபைலை அனுப்பு, பார்க்கிறேன்.