புதுப்பிப்பு: நைட்ரைட் ஒருவழியாக இறங்கிவிட்டது

புதிய கடல்நீர் மீன்தொட்டியில் நைட்ரைட் (அம்மோனியாவிலிருந்து பாக்டீரியா உண்டாக்கும், மீனுக்கு ஆகாத பொருள்) மூன்று வாரமாக இறங்கவே மாட்டேன் என்கிறது என்று புலம்பியிருந்தேன் அல்லவா? தவறு என்னுடையதுதான். மீன் விடுவதற்கு முன் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாவை வளர்க்கத்தான் தொட்டியில் அம்மோனியா ஊற்றுகிறோம். அது வேகமாகக் குறைவதைப் பார்த்த உற்சாகத்தில் தினமும் 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) அளவுக்கு ஊற்றிக்கொண்டே இருந்தேன். அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா முதலில் பெருகிவிடும். நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும் கூட்டம் பின்னால் ஆடி அசைந்துதான் வரும். நான் குவித்த வேகத்துக்கு அது எப்படி ஈடுகொடுக்கும்?

ஊற்றுவதை நிறுத்தினேன். ஒன்பதாம் நாள் காலை, நைட்ரைட் சோதனையில் எப்போதும் அடர் ஊதாவாக நிற்கும் குழாயில் வெளிர் நீலம், அதாவது நைட்ரைட் இல்லை. நம்பாமல் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன், நீலமேதான். உறுதிசெய்துகொள்ள மறுபடி 2 பிபிஎம் ஊற்றினேன். 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டுமே பூஜ்யம்.

இடையில் இன்னொரு கூத்து. ஆவியாகிப்போன நீருக்கு ஈடாக உப்புநீரையே ஊற்றியதில் ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, உப்பின் அளவைக் காட்டும்) 1.028-க்கு ஏறிவிட்டது. உப்பு ஆவியாகாது என்பது பள்ளிக்கூடப் பாடம்! நன்னீர் சேர்த்து மெல்ல மெல்ல 1.025-க்குக் கொண்டுவந்தேன்.

பாறைகளில் பழுப்புப் படலம் படிந்திருக்கிறது. டயாட்டம் என்ற நுண்பாசிதான், தானாகப் போய்விடும். நைட்ரேட் அதிகம் என்பதால் நாளை பாதி நீரை மாற்றுகிறேன். அதன்பின் ஒரு ஜோடி கோமாளி மீன்கள், அவ்வளவுதான். நீலவரிச் சர்ஜன் மீன் (surgeonfish) கேட்டு வீட்டில் ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். இந்தத் தொட்டிக்கு அது பெரிது.