காப்பி, கோகோ தோட்டம் போய் வந்தவர்களே, இன்னும் மனசில் உறுத்துவது எது?

இரண்டாம் டிகாஷன்:

போன மே மாதம், கேரளத்தில் அடிமாலிப் பக்கம், ஒரு குடும்பத்தின் மூன்று ஏக்கர். மிளகு, ஜாதிக்காய், காப்பி, கோகோ எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். எப்படிப் போனோம், யார் சொல்லிப் போனோம் என்பதை விடுங்கள். கோகோ அடிமரத்திலேயே பலா மாதிரி காய்க்கும் என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். உடைத்தால் வெள்ளைச் சதை, சீத்தாப்பழத்தில் எலுமிச்சை பிழிந்த மாதிரி ஒரு ருசி. என் எட்டு வயது மகள் நாலைந்து கொட்டையை உறிஞ்சித் துப்பிவிட்டு, ஐந்தாவதையோ ஆறாவதையோ கடித்துவிட்டாள். உள்ளே கத்தரிப்பூ நிறம், வேப்பங்கொட்டைக் கசப்பு.

அப்புறம் ஒரு பலகைப் பெட்டியைக் காட்டினார்கள், மேலே வாழையிலை மூடியிருந்தது. "கையை விட்டுப் பாருங்க" என்றார் வீட்டுக்காரர். மணிக்கட்டு வரை விட்டவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அடுப்பும் இல்லை, நெருப்பும் இல்லை, குளிக்க விளாவாத வெந்நீரில் கை விட்டது போல் ஒரு சூடு. காடி வாடை வேறு. கொட்டை நாலு நாளாகப் புளித்துக்கொண்டிருக்கிறதாம், நடுவில் கிளறிவிடுவார்களாம், ஆறாம் நாள் வெயிலுக்குப் போகுமாம். நமக்குத் தெரிந்த சாக்லேட் வாசனையின் விதை அந்தச் சூட்டில்தான் விழுகிறது, வறுக்கும்போது வெளியே வருகிறது என்றார்.

இதை எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. கிளம்பும்போது அவர்களே கிரைண்டரில் இரண்டு நாள் அரைத்துச் செய்த சாக்லேட்டை ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார்கள். பால் கிடையாது, சர்க்கரை கொஞ்சம்தான். மகள் ஓரத்தைக் கடித்துவிட்டு "இது சாக்லேட் இல்லைம்மா" என்று திண்ணையில் வைத்துவிட்டாள். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அந்த வீட்டு அம்மச்சி அதை எடுத்து, முண்டு நுனியில் துடைத்து, வாயில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். முகத்தில் ஒன்றுமே இல்லை. கோபமாவது காட்டியிருக்கலாம்.

மேற்கு மலை:

எனக்குப் பழனி மலையில் தாண்டிக்குடி. டிசம்பர், காப்பிப் பழம் எடுக்கிற நேரம். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கும், கீழே அராபிகா காப்பிச் செடி. நண்பனின் மாமா தோட்டம் என்பதால் "நானும் எடுக்கிறேன்" என்று ஒரு கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். கிளையைப் பிடித்து ஒரே உருவு, சர்ர்ரென்று கூடை நிறைந்தது, போட்டோவும் எடுத்தாயிற்று. பக்கத்து வரிசையில் இருந்த அக்கா தன் வேலையை நிறுத்திவிட்டு வந்து, என் கூடைக்குள் கையை விட்டு, பச்சைக் காயாக ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே எறிய ஆரம்பித்தார். பத்து நிமிஷமாவது இருக்கும். "தம்பி, இன்னும் ரெண்டு வாரம் கழிச்சு நான் எடுக்க வேண்டிய பழம் இதெல்லாம்" என்றார். கிலோ கணக்குக் கூலி அவருக்கு. அந்தப் பத்து நிமிஷமும் அவர் கணக்கில்தான் குறைந்திருக்கும் என்பது பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது.

மற்றபடி பழத்தோல் உரிக்கிற பல்ப்பர், கொட்டையைப் போட்டு வைக்கிற தொட்டி எல்லாம் பார்த்தேன். தோல் நீக்கிய கொட்டையில் வழவழவென்று ஒரு பசை இருக்கும். அது விட்டுப்போக ஒரு நாள், குளிர் அதிகமென்றால் ஒன்றரை நாள். மாமா கடிகாரத்தையே பார்க்கவில்லை. ஒரு பிடி அள்ளிக் கழுவி உள்ளங்கையில் தேய்த்தார். கூழாங்கல் உரசுவது போல் கரகரவென்று கேட்டதும் "திறந்து விடு தண்ணிய" என்றார்.

காரமடை கணக்கர்:

இரண்டாம் டிகாஷன், இதில் உறுத்த என்ன இருக்கிறது? வீணாகக் கூடாது என்று அந்த அம்மா சாப்பிட்டிருக்கிறார், எங்கள் பாட்டியும் அப்படித்தான். நீங்களாகக் கதை கட்டிக்கொள்ளாதீர்கள்.

என் அனுபவம் சின்னது. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். மரம் காட்டினார்கள், பெட்டி காட்டினார்கள், "எங்கள் தோட்டத்து சாக்லேட்" என்று விற்றார்கள். கை கழுவப் பின்பக்கம் போனால் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறது, எல்லாம் கடையில் கிடைக்கும் காம்பவுண்ட் கட்டி, கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு கொழுப்புப் போட்டது. உருக்கி அச்சில் ஊற்றியதுதான் அந்த 'தோட்டத்து' சாக்லேட். நான் ஏற்கெனவே ஆறு பாக்கெட் வாங்கியிருந்தேன்.

சரி, இங்கே படிக்கிறவர்களுக்கு உபயோகமாக ஒன்று. தோட்டத்தில் பச்சைக் காப்பிக்கொட்டை வாங்கி வந்தால் வீட்டிலேயே வறுக்கலாம். கனமான இரும்புச் சட்டி, கால் கிலோவுக்கு மேல் போடாதீர்கள், கையை எடுக்காமல் கிளற வேண்டும். முதலில் பச்சை மஞ்சளாகும், புல் வாடை வரும், அப்புறம் ரொட்டி வாசனை, பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் பொரி பொரிவது போல் படபடக்கும். அந்தச் சத்தம் அடங்கியதும் ஒன்றிரண்டு நிமிஷத்தில் இறக்கி, முறத்தில் கொட்டி விசிறி ஆறவையுங்கள், சட்டியிலேயே விட்டால் கருகும். தவிடு பறக்கும், மொட்டை மாடியில் செய்வது நல்லது. ஒரு கிலோ வறுத்தால் எண்ணூறு, எண்ணூற்றைம்பது கிராம்தான் நிற்கும், கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். பீபெரியையும் (பழத்துக்குள் ஒற்றையாக விளைகிற உருண்டைக் கொட்டை) தட்டைக் கொட்டையையும் ஒன்றாகப் போட வேண்டாம், உருண்டை ஒரு பதத்திலும் தட்டை ஒரு பதத்திலும் வறுபடும். உடனே அரைக்காமல் ஒரு நாள் விடுங்கள். சிக்கரி வேண்டுமென்றால் தூளாக வாங்கிக் கடைசியில் கலக்கலாம்.

இன்னொன்று, மாவு கிரைண்டரில் சாக்லேட் அரைக்கிறேன் என்று கிளம்பாதீர்கள். இரண்டு நாள் நிற்காமல் ஓடினால் மோட்டார் போய்விடும். அதற்கென்றே மாற்றிச் செய்த கிரைண்டர் கோயம்புத்தூரில் கிடைக்கிறது, வெளிநாட்டுக்காரர்களே வாங்கிப் போகிறார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் மொத்தமும் திரிந்து களிமண்ணாகிவிடும்.

தென்னைக்குக் கீழே:

காரமடை கணக்கர், ஒரு தோட்டத்தைப் பார்த்துவிட்டு எல்லாரையும் திருடனாக்காதீர்கள். நாங்கள் ஆனைமலை, தென்னைக்கு நடுவில் கோகோ போட்டவர்கள். அசல் சாக்லேட்டில் இருக்கிற கோகோ வெண்ணெய் உடம்புச் சூட்டுக்கே உருகும், ஏப்ரல் மாதம் எங்கள் ஊர்க் கடை மேசையில் அது நிற்குமா? காம்பவுண்டில் இருப்பது வேறு கொழுப்பு, அதனால் நிற்கிறது. பொய் சொல்லி விற்றது தப்புதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலான வீடுகளில் சாக்லேட்டே செய்வதில்லை. காயை உடைத்து, கொட்டையை ஈரத்தோடு சாக்கில் கட்டிச் சாலைக்குக் கொண்டுபோனால் வண்டி வரும், எடை போடும், அவ்வளவுதான்.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன், வருகிறவர்களுக்குத் தோட்டம் சுற்றிக் காட்டுவது என் வேலை. விலை இல்லை, அணில் பாதியைக் குடைந்துவிடுகிறது, வெட்டுகிற கூலிக்கே காணவில்லை என்று அப்பா நூற்றிருபது மரத்தை வெட்டினார். அடுத்த வருஷம் 2024. காய்ந்த கொட்டை கிலோ ஆயிரம் ரூபாய். அந்த ஏப்ரலில் சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு மிச்சமிருந்த மரங்களைக் காட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் பையன் வரிசையாக இருந்த அடிக்கட்டைகள் மேல் ஒவ்வொன்றாகத் தாவிக்கொண்டே "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணுகிறான். அப்பா கயிற்றுக் கட்டிலில் இருந்தார். முப்பது தாண்டியதும் எழுந்து உள்ளே போய்விட்டார்.

இரண்டாம் டிகாஷன்:

கணக்கர் சார், உங்கள் பாட்டி மாதிரியே இருக்கட்டும். எனக்கு உறுத்துகிறது, அவ்வளவுதான்.

சொல்ல மறந்தது ஒன்று. துப்பிய கொட்டையில் இரண்டை மகள் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள், எனக்கே தெரியாது. மறுநாள் தொட்டியில் புதைத்ததில் ஒன்று முளைத்துவிட்டது. இப்போது முழங்கால் உயரம். புது இலை செம்பு நிறத்தில் தொங்குகிறது, ஆனால் பழைய இலையெல்லாம் ஓரம் காய்ந்து பழுப்பாகிறது. மொட்டை மாடியில்தான் வைத்திருக்கிறோம், தினமும் தண்ணீர் ஊற்றுகிறாள்.

தென்னைக்குக் கீழே:

மாடியிலிருந்து முதலில் இறக்குங்கள் அக்கா. முருங்கையோ வாழையோ எது இருக்கிறதோ, அதன் அடியில் வையுங்கள். வெயில் புள்ளி புள்ளியாகத்தான் விழ வேண்டும்.