மறு: ஃபயர்பால் – தீப்பந்தா, எரிவெள்ளியா?

> ஃபயர்பாலுக்குத் தீப்பந்து போதுமே. கேட்டவுடன் எல்லாருக்கும் புரியும்.

அன்பின் ஐயா, வணக்கம்.

வானில் மிகப் பளிச்சென எரிந்து ஓடும் ஃபயர்பாலைப் பார்த்தவர்களிடம் தகவல் கேட்கும் நம் படிவத்துக்கான சொல் இது. தீப்பந்து புரியும்தான். ஆனால் கையில் பிடிக்கிற தீப்பந்தம்தான் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும். எண்ணெய்க் கிடங்கு வெடித்தாலும் செய்திகளில் இதே போன்ற சொல்தான் வருகிறது. தவிர, வானில் ஓடும் அந்த ஒளி பெரும்பாலும் பந்தாகத் தெரிவதில்லை. தலை பருத்து, பின்னால் நீண்ட கோடாக ஓடும். "நான் பார்த்தது கோடுதானே" என்று ஒருவர் தகவல் தராமலே இருந்துவிட்டால் இழப்பு நமக்கு.

என் முன்மொழிவு எரிவெள்ளி. சாதாரண மீட்டியருக்கு, அதாவது விண்ணிலிருந்து வளிமண்டலத்தில் நுழைந்து எரியும் பொருளின் ஒளிக்கு, எரிமீன் இருக்கட்டும். பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் 2017 வரையறைப்படி, 100 கி.மீ. தொலைவில் வைத்துக் கணக்கிட்டால் -4 என்ற பொலிவைத் தாண்டும் எரிமீன்தான் ஃபயர்பால். பொலிவு எண் குறையக் குறைய ஒளி கூடும்; -4 என்பது ஏறக்குறைய வெள்ளிக் கோளின் பொலிவு. கருவி எதுவும் இல்லாமல் மொட்டைமாடியில் நிற்பவரிடம் "வெள்ளியைவிடப் பளிச்சென்று இருந்ததா?" என்றுதான் கேட்கப்போகிறோம். அந்த அளவுகோல் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

> வெள்ளிக் கோளே எரிந்ததாகக் குழம்ப மாட்டார்களா?

மாட்டார்கள் என்றே நம்புகிறேன். பேச்சுவழக்கில் வெள்ளி என்றால் விண்மீன் என்றும் பொருள். காமெட்டை வால்வெள்ளி என்று இலங்கையில் இயல்பாகச் சொல்கிறார்கள். அங்கே யாருக்கும் குழப்பம் இல்லை.

> நாளிதழ்களில் விண்கல் என்று வந்துகொண்டுதானே இருக்கிறது?

இந்த இடத்தில் மட்டும் என்னால் விட்டுக்கொடுக்க முடியாது. பார்த்தவர் பார்த்தது ஒளியை, கல்லை அல்ல. பெரும்பாலானவை வளிமண்டலத்திலேயே எரிந்து தீர்ந்துவிடும். மிஞ்சித் தரையில் கிடைத்தால்தான் விண்கல். எரிந்தது கல்தானா என்பதே சில வேளை கேள்வி. 2015 நவம்பர் 13 அன்று இலங்கைக்குத் தெற்கே கடலுக்கு மேலே, முன்கூட்டியே கணித்தபடி ஒரு பொருள் எரிந்து விழுந்தது. டபிள்யூ.டி.1190எஃப் என்று பெயரிட்டிருந்தார்கள். மனிதர் ஏவிய ராக்கெட்டின் மிச்சம் என்றே கருதுகிறார்கள். பூமியைச் சுற்றிவந்த செயற்கைக்கோள் சிதைவுகள் நொடிக்கு 8 கி.மீ. அளவில் நுழைந்து, துண்டு துண்டாகி, ஒரு நிமிடம் வரைகூட மெதுவாக நகரும். இயற்கையாக வருபவை நொடிக்கு 11 முதல் 72 கி.மீ. வேகத்தில் பாய்ந்து, பெரும்பாலும் சில நொடிகளில் மறையும். எத்தனை நொடி தெரிந்தது என்று பார்த்தவர் சொன்னால் போதும், எது என்று பிறகு பெரும்பாலும் பிரித்துவிடலாம். சொல்லே முதலில் "கல்" என்று தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது.

நம்மிடம் இதற்கு அருமையான முன்னோடி உண்டு. புறநானூறு 229-இல் கூடலூர் கிழார் எழுதியிருப்பதை ஒரு வான்நோக்கரின் பதிவாகப் படித்துப் பாருங்கள். பங்குனி மாதம், நள்ளிரவு. எந்த நாள்மீன் (நட்சத்திரம்) உச்சியிலிருந்து சாய்ந்தது, எது அதற்கு எதிரே எழுந்தது, எது துறையில் படிந்தது என்று வானத்தின் நிலை. "பாசிச் செல்லாது ஊசி முன்னாது" என்று திசை: கிழக்கும் அல்ல, வடக்கும் அல்ல, இரண்டுக்கும் இடையே. கடல் சூழ்ந்த நிலத்துக்கே விளக்கானது என்று பொலிவு. கடைசியில் "ஒருமீன் விழுந்தன்றால் விசும்பினானே", அதாவது வானிலிருந்து ஒரு மீன் விழுந்தது. ஏழாம் நாள் சேரமன்னன் இறந்ததற்கு அதை நிமித்தமாகக் கொண்டது அந்தக் காலத்து நம்பிக்கை. ஆனால் நேரம், திசை, பொலிவு மூன்றையும் விடாமல் குறித்த கண் அது. அவரும் கல் என்று சொல்லவில்லை, மீன் என்றார்.

போலைடுக்குத் தனிச்சொல் வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வெடித்துச் சிதறுவதை மட்டும் சிலர் அப்படிச் சொன்னாலும், ஒன்றிய வரையறையில் ஃபயர்பாலும் போலைடும் ஒன்றே. வெடிவெள்ளி என்றால் காதில் விடிவெள்ளி என்று விழும். "வெடித்த எரிவெள்ளி" என்றே எழுதலாம். வெடிப்பைத் தனியாகக் குறிப்பது மட்டும் அவசியம். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க்கில் எரிவெள்ளி வெடித்தபோது, ஒளியைக் கண்டு சன்னலருகே வந்து நின்றவர்கள்மேல், ஓரிரு நிமிடம் கழித்து வந்த அதிர்வலை கண்ணாடியை உடைத்துக் கொட்டியது. ஏறத்தாழ 1,500 பேர் சிகிச்சை தேடி வந்தார்கள், பெரும்பாலும் கண்ணாடிக் காயம். ஆகவே படிவத்தில் "ஒளிக்கும் ஒலிக்கும் இடையே எவ்வளவு நேரம்?" என்ற கேள்வியை மேலே கொண்டுவரப் பரிந்துரைக்கிறேன்.

இன்னொன்று பாக்கி. எரிவெள்ளி மறைந்த பிறகும் வானில் தங்கும் கீற்றை வால் என்று எழுதாதீர்கள், அது வால்வெள்ளிக்கு உரியது. ஒளிர்ந்து நிற்பதை ஒளித்தடம், பகலில் புகையாகத் தெரிவதைப் புகைத்தடம் எனப் பிரிக்கலாமா? மாற்றுக் கருத்து இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள். படிவத்தை அதற்கேற்பத் திருத்தி அனுப்புகிறேன்.