கறுப்பு டயல் போனில் ‘ம்ம்ம்’ உறுமல், எதிர்முனையில் எதிரொலி: யாராவது உதவுங்கள்

வளவுவீட்டான்:
கானாடுகாத்தானில் எங்கள் பழைய வீடு. போன மாதம் ஃபைபர் போட்டோம். பெட்டி முகப்பில் இருக்கிறது. அதன் போன் துளையை வீட்டில் ஏற்கெனவே ஓடும் பழைய டெலிபோன் ஒயரில் சேர்த்து, இரண்டாங்கட்டில் அப்பத்தாவின் கறுப்பு டயல் போன் வரை கொண்டுபோய்விட்டேன். மணி கணீரென்று அடிக்கிறது. ரிசீவரை எடுத்தால் ‘ம்ம்ம்’ என்று உறுமல். சிங்கப்பூரிலிருந்து அண்ணன் பேசினால், அவர் சொன்னதே கொஞ்சம் தள்ளி அவர் காதில் திரும்ப விழுகிறதாம். பெட்டி பழுதா, போன் பழுதா? செல்போன் அப்பத்தாவுக்குச் சரிப்படாது.

பழையலைன்:
தம்பி, நடுவில் ஓடும் ஒயராகவும் இருக்கலாம். அதைக் கழற்றிவிட்டு, போனை முகப்புக்குத் தூக்கி வந்து நேராகப் பெட்டியில் செருகிப் பாருங்கள்.

வளவுவீட்டான்:
உறுமல் போயே போச்சு! எதிரொலி மட்டும் கொஞ்சம் இருக்கிறது.

பழையலைன்:
அப்போ இரண்டு தனித்தனிக் கோளாறு.

உறுமலுக்கு வருவோம். போன் லைனில் இரண்டு கம்பி. பக்கத்தில் ஓடும் கரண்ட் ஒயரின் 50 ஹெர்ட்ஸ் துடிப்பு (நொடிக்கு 50 தடவை) இரண்டிலும் ஒரே அளவு ஏறும். பெட்டிக்குள் இருக்கும் லைன் சர்க்யூட்டும் சரி, உங்கள் போனும் சரி, இரண்டு கம்பிக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் குரலாக எடுத்துக்கொள்ளும். அதனால் சமமாக ஏறியது கேட்காது. ஒரு கம்பி மட்டும் ஈரத்தில் எர்த் ஆகிவிட்டால் சமம் குலையும், வித்தியாசம் உறுமலாக வரும். உங்கள் ஒயர், மழை விழும் வளவு முற்றத்தின் ஓரமாகப் போகிறதா?

பெட்டியையும் போனையும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டரில் ஓம் (தடை) பாருங்கள். ஒன்றில் மட்டும் தடை குறைந்து காட்டினால், அதுதான் எர்த்துக்குக் கசிகிறது. அதற்கு முன், தெருக் கம்பத்திலிருந்து வரும் பழைய லைன் இன்னும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து வெட்டிவிடுங்கள். இரண்டு பக்கமும் மின்சாரம் கொடுத்தால் பெட்டியே போய்விடும். மணி அடிக்கும்போது மட்டும் கம்பியைத் தொடாதீர்கள். சும்மா இருக்கையில் 48 வோல்ட்டை ஒட்டி, மணிக்கு அதைவிட நிறைய.

மீட்டர்முனை:
எதிரொலிக்கு நான் சொல்கிறேன். பேசுவதும் கேட்பதும் அதே இரண்டு கம்பியில். பெட்டிக்குள் ஹைப்ரிட் என்ற பகுதி இதைப் போக, வர என்று பிரிக்கும். அப்புறம் குரல் நொடிக்கு 8000 முறை அளக்கப்பட்டு எண்ணாகப் போகும். லைன் இவ்வளவு இம்பீடன்ஸ் (குரல் மின்சாரத்துக்கு லைன் காட்டும் தடை) என்று பெட்டி ஒரு கணக்கு வைத்திருக்கும். உங்கள் பழைய போனும் ஒயரும் அதற்கு ஒத்துவராவிட்டால், வந்த குரலில் ஒரு துளி திரும்பும் பாதையில் கசியும். அண்ணன் கேட்பது அதைத்தான். உள்ளூர் அழைப்பில் தாமதம் குறைவு, தெரியாது. சிங்கப்பூர் வரை போய் வந்தால் தெரியும். பெட்டி அமைப்பில் இம்பீடன்ஸ் 600 ஓம் என்று இருந்தால், இந்தியாவுக்கான தேர்வை வைத்துப் பாருங்கள். எதிரொலியை அழிக்கும் எக்கோ கேன்சல் அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

வளவுவீட்டான்:
கம்பத்து ஒயர் நீங்கள் சொன்னபடி ஒட்டித்தான் இருந்தது, வெட்டியாச்சு. ஒரு கம்பி எர்த்துக்கு 35 கிலோ ஓம், மற்றதில் மீட்டர் அசையவே இல்லை. வளவுத் தாழ்வாரத்து மரப்பெட்டி ஜாயின்ட்டைத் திறந்தால், மழை ஒழுகி செம்பு பச்சையாகப் பூத்துக் கிடக்கிறது. அந்தத் துண்டை வெட்டி, புது முறுக்கு ஜோடி ஒயர் இழுத்தேன். உறுமல் இல்லை. எக்கோ கேன்சல் அணைந்திருந்தது, போட்டுவிட்டேன். இம்பீடன்ஸும் மாற்றினேன். அண்ணனுக்கு இப்போது சுத்தமாகக் கேட்கிறதாம்.

அப்பத்தா டயலைச் சுழற்றிவிட்டு “நம்பர் போகலையே” என்கிறார்கள்.

பழையலைன்:
அது கோளாறு இல்லை தம்பி. டயல் சுழன்று திரும்பும்போது லைன் கரண்ட்டை நொடிக்குப் பத்து தடவை விட்டு விட்டுத் துண்டிக்கும். பல பெட்டிகள் பட்டன் போனின் டோனைத்தான் எண்ணாக எடுக்கும், இந்தத் துண்டிப்பை எண்ணாது. துண்டிப்பை டோனாக மாற்றும் சின்னக் கருவி கிடைக்கிறது. அதுவரை அண்ணனையே கூப்பிடச் சொல்லுங்கள்.